ஸ்ரீவராகத்து மாடியில் ஒரு மழைக் கணக்கு

2015 டிசம்பர் 1 அன்று பிடித்த மழை, தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டரைத் தொட்டது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீரும் சேர்ந்துகொள்ள, அடையாறு ஊருக்குள் புகுந்தது. விமான நிலையத்தை மூடினார்கள். 1878 முதல் வந்துகொண்டிருக்கும் ‘தி இந்து’ நாளிதழ்கூட மறுநாள் சென்னையில் அச்சாகவில்லை. அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச் சேர முடியவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு ஏரியைத் திறந்தது யார், எப்போது என்ற சண்டை நெடுநாள் நடந்தது. அதற்கும் அடியில் இன்னொரு கேள்வி இருந்தது. இந்த மழை பருவநிலை மாற்றத்தின் வேலையா, அல்லது என்றைக்கோ ஒருநாள் வந்தே தீரும் பேய்மழையா?

அதற்கு விடை தேடிய ஆய்வு 2016-இல் அமெரிக்க வானிலையியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. எழுதியவர்கள் நான்கு பேர். நெதர்லாந்து வானிலை ஆய்வு நிறுவனத்தின் கீர்ட் யான் வான் ஓல்டன்போர்க், ஆக்ஸ்ஃபோர்டின் ஃபிரீடரிக்கே ஓட்டோ, கார்ஸ்டன் ஹவ்ஸ்டைன், டெல்லி ஐ.ஐ.டி.யின் கிருஷ்ண அச்சுதராவ். ஆய்வுக்கு வேண்டிய கணக்குகளில் ஒரு பங்கைப் போட்டவை எந்த ஆய்வகத்திலும் இல்லாத கணினிகள். பல நாடுகளில், யார் யாருடைய வீட்டு மேஜைகளிலோ, உரிமையாளர் சாப்பிடப் போன நேரத்திலும் தூங்கிய நேரத்திலும் ஓடியவை. ‘வெதர் அட் ஹோம்’ என்ற திட்டத்துக்குத் தங்கள் கணினியை இரவல் கொடுத்தவர்கள் அந்த உரிமையாளர்கள். சென்னையை ஒருமுறைகூடப் பார்க்காதவர்களே அவர்களில் மிகப் பலராக இருந்திருப்பார்கள்.

திருவனந்தபுரத்தின் ஸ்ரீவராகத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பத்மநாப சுவாமி கோயிலிலிருந்து நடந்து வரும் தூரம். லட்சுமி வராகர் கோயிலும் அதன் பெரிய குளமும்தான் எங்கள் பகுதியின் அடையாளம். கோட்டைக்குள்ளும் வலியசாலையிலும் கரமனையிலும் இருப்பதுபோல இங்கேயும் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. ஐப்பசி மழை ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் அடித்தால் கிழக்கேகோட்டையிலும் தம்பானூரிலும் முழங்கால் தண்ணீர் நிற்கும். அதற்காகவே 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்று ஓடைகளைத் தோண்டினார்கள். மழையைப் பற்றிய கேள்வி எங்களுக்குத் தூரத்துக் கேள்வி இல்லை. அதே சமயம், இந்தத் தெருக்களில் பெங்களூருவுக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்ட பிள்ளைகள் வாங்கி வைத்த நல்ல கணினிகள் எத்தனையோ மாடி அறைகளில் உறை போட்டுக் கிடக்கின்றன. அந்தக் கணினிகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆயிரம் டிசம்பர்கள்

வெதர் அட் ஹோம் என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றவை தானே புரிந்துவிடும். சென்னையில் அப்படியொரு மழை அடிக்கடி பெய்வதில்லை. நம்மிடம் உள்ள பதிவேடுகள் ஓரிரு நூற்றாண்டுக்குள் அடங்கிவிடும். நூறு ஆண்டுக்கோ ஐந்நூறு ஆண்டுக்கோ ஒருமுறை வருவதன் வாய்ப்பு கூடியிருக்கிறதா என்று அந்தப் பதிவேட்டை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல வழியில்லை. எனவே கணினிக்குள் டிசம்பர்களை உண்டாக்குகிறார்கள். பிரிட்டிஷ் வானிலைத் துறையின் பருவநிலை மாதிரியை எடுத்துக்கொண்டு, தொடக்க நிலையில் காற்றையும் வெப்பத்தையும் இம்மியளவு மாற்றி மாற்றி, ஒரே பருவத்தை ஆயிரக்கணக்கான முறை ஓட்டுகிறார்கள். ஒரு தொகுதியில் உலகம் இன்றுள்ளபடி இருக்கும். இன்னொரு தொகுதியில் தொழிற்புரட்சியே நடக்காததுபோல, நாம் சேர்த்த கரியமில வாயு இல்லாத உலகம் இருக்கும். இரண்டிலும் பேய்மழை எத்தனை முறை பெய்தது என்று எண்ணுகிறார்கள். முதல் தொகுதியில் அது தெளிவாகக் கூடியிருந்தால், அந்தக் கூடுதல் நம் கைங்கரியம்.

ஒரு சூப்பர் கணினியில் இதற்கு நேரம் வாங்குவது லேசில்லை; வரிசையில் வேறு எத்தனையோ பேர் நிற்கிறார்கள். ஆனால் இந்த டிசம்பர்கள் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. ஒரு வீட்டில் ஓடும் டிசம்பருக்கும் அடுத்த வீட்டு டிசம்பருக்கும் பேச்சுவார்த்தையே வேண்டாம். கல்யாணத்துக்கு முதல் நாள் அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு கூடைக் காயை எடுத்துப் போய் நறுக்கிக் கொண்டுவந்து தருவதைப் போல, வேலையைக் கூறுபோட்டு அனுப்பிவிடலாம்.

இந்த யோசனையை ஆக்ஸ்ஃபோர்டின் மைல்ஸ் ஆலன் 1999-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 2003 செப்டம்பரில், வெதர் அட் ஹோமின் தாய்த் திட்டமான ‘கிளைமேட்பிரெடிக்‌ஷன்.நெட்’ தொடங்கியது. அதே 2003 ஜனவரியில் தேம்ஸ் நதி பெருகி அவர் வீட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இந்த வெள்ளத்துக்கு யாரைப் பொறுப்பாக்குவது என்று கேட்டு அவர் எழுதிய குறிப்பும் நேச்சரில் வந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தில் மனிதரின் பங்கு உண்டு என்று 2011-இல் நேச்சரில் வந்த ஆய்வு, தன்னார்வலர்களின் கணினிகளில் ஓடிய ஆயிரக்கணக்கான ஓட்டங்களின் பலன். வீட்டுக் கூடத்தில் தண்ணீர் வருமோ என்று பயந்தவர்கள் கேட்ட கேள்வி என்பதால்தானோ என்னவோ, இந்தத் திட்டத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை.

சரி, சென்னைக்கு விடை என்ன? பருவநிலை மாற்றத்தின் தடம் அந்த மழையில் புலப்படவில்லை. பசுங்குடில் வாயுக்கள் மழையைக் கூட்டும் பக்கம் இழுத்தாலும், இந்தியாவின் மேல் கவிந்திருக்கும் தூசும் புகையும் எதிர்ப்பக்கம் இழுத்து அதை இதுவரை ஈடுகட்டியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். பலருக்கு இது ஏமாற்றம். எனக்கு இந்த முடிவுதான் இந்த முயற்சியின் மேல் நம்பிக்கையை உண்டாக்கியது. எதிர்பார்த்த விடை வரவில்லை என்பதற்காக யாரும் கணக்கைத் திருத்தவில்லை. புகை மறைத்துக்கொண்டிருக்கிறது என்றால், நாளை காற்று சுத்தமாகும்போது மழை என்ன செய்யும் என்ற அடுத்த கேள்வி அங்கே பிறக்கிறது. ஏரிகளையும் சதுப்பு நிலத்தையும் வீட்டுமனையாக்கிவிட்டுப் பழியை வானத்தின்மேல் போட முடியாது என்பதும் அந்த முடிவுக்குள் இருக்கிறது. யாரோ ஒருவர் கொடுத்த மின்சாரத்துக்கு இதைவிடப் பயன் என்ன வேண்டும்?

கணினியைக் கொடுக்குமுன் கேட்க வேண்டியது

இப்படிக் கணினியைக் கொடுக்கும் வழக்கத்தை ஊரறியச் செய்தது, 1999 மே 17-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் தொடங்கிய ‘செட்டி அட் ஹோம்’. அரெசிபோ வானொலித் தொலைநோக்கி திரட்டிய ஓசைக் குவியலில் வேற்றுலகச் சமிக்ஞை ஏதும் உண்டா என்று தேடியது. ஐம்பது லட்சத்துக்கும் அதிகமானோர் சேர்ந்தார்கள். டயல்-அப் இணைப்பு காலத்தில் இங்கேயும் இன்ஜினீயரிங் கல்லூரி விடுதிகளில் அதன் வண்ணவண்ண ஸ்க்ரீன்சேவரைப் பார்த்தவர்கள் இன்று நாற்பதைத் தாண்டியிருப்பார்கள். 2020 மார்ச் 31-உடன் அது புது வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. வேற்றுலகத்தார் கிடைக்கவில்லை. ஆனால் அதை நடத்திய டேவிட் ஆண்டர்சன் உருவாக்கிய ‘பாயிங்க்’ என்ற மென்பொருள் நிலைத்துவிட்டது. இலவசம், மூலநிரல் திறந்தது, விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடும். கிளைமேட்பிரெடிக்‌ஷன் உட்படப் பெரும்பாலான திட்டங்கள் இந்த ஒரே மென்பொருள் வழியாகத்தான் வேலை அனுப்புகின்றன.

பாயிங்க்கை நிறுவுவது பத்து நிமிட வேலை. அதற்குள் எந்தத் திட்டத்தைச் சேர்ப்பது என்பதில்தான் யோசிக்க வேண்டும். பலர் பட்டியலைப் பார்த்துக் கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்துவிட்டு, ஒரு மாதத்தில் சலித்து எடுத்துவிடுகிறார்கள். நன்கொடை கேட்டு வருபவரிடம் ரசீது கேட்பதில் தவறில்லை, இங்கேயும் கேட்கலாம். யார் நடத்துகிறார்கள்? இதுவரை என்ன ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது? முடிவுகளை எல்லோருக்கும் திறந்து வைக்கிறார்களா? இந்த மாதம் அனுப்ப வேலை இருக்கிறதா?

கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தோன்றும். நல்ல திட்டங்கள்கூட மாதக்கணக்கில் வேலை அனுப்பாமல் இருப்பதுண்டு. ஐ.பி.எம். 2004-இல் தொடங்கிய ‘வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்’ 2021-இல் டொரண்டோவின் கிரெம்பில் ஆய்வு நிறுவனத்துக்குக் கைமாறியது. அதன் பிறகு நெடுநாள் தடுமாறியது. ஆனாலும் அதன் பழைய கணக்கைப் பார்த்தால் விட்டுவிட மனம் வராது. குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா புற்றுநோய்க்காக லட்சக்கணக்கான மூலக்கூறுகளைச் சலித்து, மருந்தாகக்கூடிய ஏழு சேர்மங்களை ஜப்பானின் சிபா புற்றுநோய் மைய ஆய்வாளர்கள் 2014-இல் அறிவித்தது அதன் வழியாகத்தான். காசநோய்க் கிருமியின் செல்சுவரைப் பற்றிய ஆய்வொன்றும் அதில் ஓடியது. காசநோய் அதிகமுள்ள நாட்டில் இருந்துகொண்டு அதற்குக் கணினி கொடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

வானத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ‘ஐன்ஸ்டைன் அட் ஹோம்’. 2005 பிப்ரவரியில் தொடங்கியது. லைகோ கருவிகளின் தரவில், சுழலும் நியூட்ரான் விண்மீன்கள் ஓயாமல் வெளியிடும் மெல்லிய ஈர்ப்பலைகளைத் தேடுகிறது. அந்த வகை அலை இன்னும் அகப்படவில்லை. ஆனால் கூடவே வானொலித் தரவிலும் காமாக் கதிர்த் தரவிலும் பல்சார்கள் என்னும் துடிக்கும் விண்மீன்களைத் தேடி, ஐம்பதுக்கும் மேல் கண்டுபிடித்துவிட்டது. முதலாவது 2010-இல், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஏம்ஸ் என்ற ஊரில் ஒரு தம்பதியின் கணினியிலும் ஜெர்மனியில் ஒருவரின் கணினியிலும் தட்டுப்பட்டது. விநாடிக்கு 41 முறை சுழலும் விண்மீன் அது. எங்கள் ஊருக்கும் இந்தக் கதையில் ஒரு சுற்றுவழி உறவு உண்டு. 2016-இல் ஈர்ப்பலையைக் கண்டதாக உலகுக்கு அறிவித்த கட்டுரையின் நிறுவனப் பட்டியலில் திருவனந்தபுரம் ஐசர் ஆய்வு நிறுவனத்தின் பெயரும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் லைகோ-இந்தியா கட்ட 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அது இயங்கத் தொடங்கும் நாளில் அதன் தரவைக் கடைய எவ்வளவு கணினி இருந்தாலும் போதாது.

நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ளவர்கள் பாயிங்க்குக்கு வெளியே ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ பக்கம் போகலாம். 2000-இல் ஸ்டான்ஃபோர்டில் விஜய் பாண்டே தொடங்கியது; இப்போது கிரெக் போமன் நடத்துகிறார். புரதங்கள் எப்படி மடிகின்றன, எப்படி அசைகின்றன என்று கணக்கிடுகிறது. 2020-இல் ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்ட மக்கள் ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பில் அதில் குவிந்தார்கள். அந்த ஏப்ரலில் அதன் திறன் 2.4 எக்ஸாஃப்ளாப் என்று அறிவித்தார்கள். உலகின் முதல் 500 சூப்பர் கணினிகளைக் கூட்டினாலும் வராத அளவு. தும்பாவில், எங்கள் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011-இல் நிறுவிய சாகா-220 சூப்பர் கணினி அப்போது நாட்டிலேயே வேகமானது, 400 கிராஃபிக்ஸ் செயலிகள் கொண்டது, 220 டெராஃப்ளாப். கணக்கிடும் முறையில் வேறுபாடு உண்டு என்றாலும், அதைப்போல் பத்தாயிரம் மடங்குக்கு நிகரானதை வீடுகளில் இருந்தவர்கள் சில வாரங்களில் திரட்டினார்கள். கொரோனா வைரஸின் முள்புரதம் எப்படி வாய் திறக்கிறது என்பதை அந்தக் கணக்குகள் காட்டின. 2021-இல் ‘நேச்சர் கெமிஸ்ட்ரி’ இதழில் வந்தது. காப்புரிமை இல்லாத கொரோனா மருந்து தேடிய ‘கோவிட் மூன்ஷாட்’ முயற்சிக்கும் அது உதவியது.

பகா எண்களைத் தேடும் ‘கிம்ப்ஸ்’ என்றொரு பழைய திட்டமும் இருக்கிறது, 1996 முதல். 2024 அக்டோபரில் 4 கோடியே 10 லட்சம் இலக்கங்கள் கொண்ட பகா எண் அதில் கிடைத்தது. கணிதப் பித்து உள்ளவர்களுக்கு அது போதும். அதன் மென்பொருள் செயலியை அப்படிப் பிழியும் என்பதால், புதுக் கணினி சூடு தாங்குமா என்று சோதிக்கவே அதை ஓட்டுபவர்களும் உண்டு.

என் தேர்வைக் கேட்டால், முதலில் கிளைமேட்பிரெடிக்‌ஷன். அதில் வேலை வராத நாட்களுக்கு ஐன்ஸ்டைன். பாயிங்க்கில் இரண்டையும் சேர்த்து, ஒன்றுக்கு அதிகப் பங்கும் மற்றதற்குக் குறைந்த பங்கும் கொடுத்துவிட்டால் அது பார்த்துக்கொள்ளும். கிளைமேட்பிரெடிக்‌ஷன் டாஸ்க்குகள் நாட்கணக்கில் ஓடும், டிஸ்க்கில் சில ஜி.பி. இடம் கேட்கும், முடிவைத் திருப்பி அனுப்பும்போது டேட்டாவும் கொஞ்சம் செலவாகும். வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் போடும் கணினிக்கு அது தோதுப்படாது. அப்படிப்பட்டவர்கள் சில மணி நேரத்தில் முடியும் டாஸ்க் தரும் ஐன்ஸ்டைனோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மீட்டரின் சிவப்பு விளக்கு

இனி, வீட்டில் உள்ளவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. கரண்டு பில் எவ்வளவு கூடும்?

யாரிடமும் கேட்க வேண்டாம், நம் வீட்டு மீட்டரே சொல்லும். வாசலில் இருக்கும் டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சிட்டிருப்பார்கள்; 3200 என்று இருக்கிறதென வைத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜ், மின்விசிறி உட்பட எல்லாவற்றையும் பத்து நிமிடம் அணைத்துவிட்டுக் கணினியை மட்டும் சும்மா ஓடவிட்டு எண்ணுங்கள். 32 முறை மின்னினால் அது 60 வாட். பிறகு பாயிங்க்கை முழு வேகத்தில் ஓட்டி மறுபடி பத்து நிமிடம் எண்ணுங்கள். 75 முறை என்றால் 140 வாட். கூடுதல் 80 வாட். தினம் 8 மணி நேரம் ஓடினால், நம் இரண்டு மாத பில்லில் 38 யூனிட் ஏறும். இது எப்படியும் போட்டு வைத்திருக்கும் கணினிக்கான கணக்கு. பாயிங்க்குக்காகவே போடுகிறீர்கள் என்றால் 140 வாட்டையும் அதன் கணக்கில்தான் எழுத வேண்டும். அப்போது 67 யூனிட். இரவு பகலாக ஓட்டினால் மும்மடங்கு. கிராஃபிக்ஸ் கார்டையும் சேர்த்தால் அதற்கும் மேலே.

கேரளத்தில் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டு இணைப்புக்கு மாதம் 250 யூனிட் வரை படிப்படியாகத்தான் விலை ஏறும். முதல் ஐம்பதுக்குக் குறைந்த விலை, அடுத்ததற்குக் கொஞ்சம் கூட என்று. 250-ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை முழுக்கப் போய்விடும். முதல் யூனிட்டிலிருந்தே ஒரே உயர்ந்த விலை. இரண்டு மாத பில்லில் 480 யூனிட் வரும் வீட்டில் இந்த 38 யூனிட் சேர்ந்தால், பில் எகிறுவது 38 யூனிட்டின் விலையால் மட்டும் இருக்காது. ஆகவே கேரள மின்வாரியத்தின் பழைய பில்களை எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு மாத வரம்பான 500-க்கு எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்குள் அடங்குமாறு நேரத்தை வையுங்கள். மார்ச், ஏப்ரலில் ஏ.சி. ஓடும் வீடுகளில் பாயிங்க்கை அந்த இரண்டு மாதமும் நிறுத்தியே வைக்கலாம். கூரையில் சோலார் போட்டவர்கள் காலை பத்திலிருந்து மூன்று மணிவரை மட்டும் ஓடும்படி அட்டவணை போடலாம். கிழமைவாரியாக நேரம் குறிக்க பாயிங்க்கிலேயே இடம் இருக்கிறது.

பருவநிலைக் கணக்குக்காக நிலக்கரி மின்சாரத்தை எரிப்பது முரணில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அந்த 38 யூனிட்டுக்கு 27 கிலோ. என் கருத்து இது: இதற்கென்று புதுக் கணினி வாங்கக் கூடாது, அதன் சூட்டைத் தணிக்க ஏ.சி. போடக் கூடாது, பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய பெட்டியைத் தூசி தட்டி ஓட்டவும் கூடாது. பழைய செயலி அதே வேலைக்குப் பல மடங்கு மின்சாரம் தின்னும்; அதற்குச் செலவாகும் கரண்டு காசை ஒரு மருத்துவமனை உண்டியலில் போட்டால் அதிகப் புண்ணியம்.

சூடு, உப்புக்காற்று, இடி

சங்குமுகம் கடற்கரை ஸ்ரீவராகத்துக்கு அதிக தூரமில்லை. இங்கே காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் உண்டு. வடநாட்டிலோ ஐரோப்பாவிலோ இருப்பவர் எழுதிய அமைப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் கணினி படாதபாடு படும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, செயலிமேல் உட்கார்ந்திருக்கும் விசிறியையும் அதன் அடியில் உள்ள அலுமினியத் தகடுகளையும் பாருங்கள். மூன்று ஆண்டு திறக்காத பெட்டியில் தகடுகளுக்கு நடுவே ஈரத்தில் ஊறிய தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். விரலால் உரித்தால் முழுசாக வரும். அதை எடுத்துவிட்டாலே வெப்பம் பல டிகிரி இறங்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, கோடைக்கு முன் ஒருமுறை சுத்தம் செய்தால் போதும்.

பாயிங்க் அமைப்புகளில் இரண்டு இடங்கள் முக்கியம். எத்தனை விழுக்காடு செயலிகளைப் பயன்படுத்தலாம் என்பது ஒன்று. செயலியின் நேரத்தில் எத்தனை விழுக்காடு என்பது மற்றொன்று. சூட்டைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் குறைக்கிறார்கள். அப்போது பாயிங்க் ஓடி நின்று ஓடி நின்று வேலை செய்யும்; விசிறியும் கூடவே ஏறி இறங்கி இரைந்துகொண்டிருக்கும். முதலாவதை 50-இல் வைத்து இரண்டாவதை 100-இல் விட்டால் பாதிக் கோர்கள் மட்டும் சீராக ஓடும், அறையும் அமைதியாக இருக்கும். செயலியின் வெப்பம் 75 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் கவலையில்லை. கணினியில் வேறு வேலை பார்க்கும்போது நின்றுவிடவும், கீபோர்டைத் தொட்டு மூன்று நிமிடம் ஆனபின் மறுபடி தொடங்கவும் சொல்லிவைக்கலாம். லேப்டாப்பில் பேட்டரியில் ஓடாதே என்ற குறியை எடுத்துவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு போனிலும் பாயிங்க் ஓடும்; சார்ஜரில் போட்டு, 90 விழுக்காடு ஏறி, வைஃபையும் இருந்தால்தான் தொடங்கும். ஆனாலும் நம் ஊர் வெக்கையில் போன் பேட்டரியைத் தொடர்ந்து சூடாக்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகலில் இடி மின்னல் வரும். மதியம் இரண்டு மணியிலிருந்து இரவு பத்துவரை கவனமாக இருக்கும்படி மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. அந்த மாதங்களில் அந்த நேரத்தில் ஓட்டவே வேண்டாம். அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் லேன் வயரையும் பிடுங்கி வையுங்கள். வேலை பாதியில் நிற்கிறதே என்று தயங்க வேண்டாம். பாயிங்க் டாஸ்க்குகள் செய்த வேலையை அவ்வப்போது டிஸ்க்கில் எழுதிவைக்கும். கரண்டு போனாலும் விட்ட இடத்துக்குச் சற்று முன்னிருந்து தொடரும். கிளைமேட்பிரெடிக்‌ஷன் டாஸ்க்குகள் மட்டும் திடீர் கரண்டு வெட்டில் சில நேரம் கெட்டுப்போகும். முறையாக நிறுத்திவிட்டு அணைப்பது அதற்குத்தான்.

பாதுகாப்பு பற்றிய பயம் இயல்பு. மென்பொருளை பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பாயிங்க் தளத்திலிருந்தோ, உபுண்டுவின் சொந்த மென்பொருள் கிடங்கிலிருந்தோ மட்டும் எடுங்கள். திட்டங்கள் அனுப்பும் நிரல்களில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். லினக்ஸில் அவை தனிப் பயனர் கணக்கில் அடைபட்டு ஓடும், உங்கள் கோப்புகள் பக்கம் வராது. பணம் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வரும் எதையும் தொடாதீர்கள். இங்கே கிடைப்பது ‘கிரெடிட்’ என்ற புள்ளிகள் மட்டுமே. ஒருவர் கணினி பொய்க்கணக்கு அனுப்பினால் என்ன என்றும் கேட்பார்கள். பல திட்டங்கள் ஒரே டாஸ்க்கை இரண்டு வீடுகளுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடும். ஒத்துப்போகவில்லை என்றால் மூன்றாவது வீட்டுக்குப் போகும்.

எங்கள் ஊர் ஐ.டி. வளாகமான டெக்னோபார்க்கில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அலுவலக லேப்டாப்பில் இதை நிறுவாதீர்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் கணினி நிர்வாகி, அனுமதியில்லாமல் கல்லூரிக் கணினிகளில் இத்தகைய மென்பொருளை நிறுவியதற்காகக் குற்ற வழக்கைச் சந்தித்து, 2002-இல் நன்னடத்தைக் கண்காணிப்பும் அபராதமும் பெற்றார். நல்ல காரியம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

எங்கள் மழைக்கு எங்கள் கேள்வி

சென்னை மழைக்கு வீட்டுக் கணினிகள் விடை தேடியது ஆக்ஸ்ஃபோர்டின் தயவால். எதைக் கணக்கிடுவது என்று தீர்மானிப்பவர் சர்வர் வைத்திருப்பவர். 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியது. 2023 அக்டோபரில் ஒரே இரவு மழையில் திருவனந்தபுரம் நகரமும் டெக்னோபார்க்கும் தண்ணீரில் நின்றன. 2024 ஜூலை 30-இல் வயநாட்டில் மலை சரிந்தது. இந்த மழைகளை ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற தவிப்பு எங்கள் கடற்கரையில் இருப்பவர்களுக்குத்தான் அதிகம் இருக்கும்.

அதற்கான மண் இந்த ஊரில் இருக்கிறது. 2001 ஜூலை 20-இல் இந்தியாவின் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் தொடங்கியது திருவனந்தபுரத்தில்தான். கேரளத்து அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக குனு/லினக்ஸில் பாடம் நடத்துகின்றன. 2018 முதல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்று உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் கணினிக் குழுக்கள் இயங்குகின்றன. கணினியை உள்ளும் புறமும் அறிந்த பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கும் மாநிலம் நாட்டில் வேறு எது? கொச்சிப் பல்கலைக்கழகத்தில் வளிமண்டல ராடார் ஆய்வு மையம் இருக்கிறது. புனேயில் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் பருவமழையையே முழுநேரப் பாடமாக வைத்திருக்கிறது. சென்னை ஆய்வில் பெயர் போட்ட அச்சுதராவ் இருப்பது டெல்லி ஐ.ஐ.டி.யில்.

பாயிங்க்கின் சர்வர் பக்க மென்பொருளும் இலவசம்தான். ஒரு பல்கலைக்கழகத் துறை அதை நிறுவ, ஓரளவு நல்ல சர்வர் ஒன்றும், டாஸ்க்குகளைப் பிரித்து அனுப்பி வரும் விடைகளைச் சரிபார்க்கும் ஒன்றிரண்டு பொறியாளர்களும், சில ஆண்டுகளுக்கு அவர்களின் சம்பளமும் வேண்டும். கடினமான பகுதி, பருவநிலை மாதிரியை விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே விடை தரும்படி எழுதுவது. அதை ஆக்ஸ்ஃபோர்டு இருபது ஆண்டுகளாகச் செய்துவருகிறது. கேட்டால் சொல்லித்தர மாட்டார்கள் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. இந்த வேலையைத் தொடங்க ஒரு துறைத் தலைவரும் அரசில் ஒரு செயலாளரும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். எந்த மழையை முதலில் ஓட்டுவது என்று அவர்கள் கேட்டால், 2018 ஆகஸ்டிலிருந்து தொடங்கச் சொல்வேன்.